வண்டல், படிவு, அடுக்கு: புவி அறிவியல் உயர்கல்வியில் தமிழ்க் கலைச்சொற்களின் பொருள் எல்லை

ஆய்வுச் சுருக்கம்

படிவுகளிலிருந்து மண்ணுக்கும் மண்ணிலிருந்து காலநிலைக்கும் செல்லும் பாடத்தொடர் புவி அறிவியல் உயர்கல்வியின் அடிப்படைப் பகுதிகளுள் ஒன்று. இப்பாடத்தைத் தமிழில் கற்பிக்கும்போது வண்டல், அடுக்கு, களிமண், வானிலைச் சிதைவு ஆகிய சொற்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகளை ஏற்று நிற்கின்றன. அதனால் விளையும் குழப்பம் சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. மாணவர் நிலத்தைப் படிக்கும் முறையையே அது திரிக்கிறது. இச்சொற்களின் வரலாற்றுப் பொருள், உழவர் வழக்கு, இலங்கைத் தமிழ் வழக்கு, கோயிற் கட்டடக்கலை வழக்கு ஆகியவற்றைக் கொண்டு அவற்றின் பொருள் எல்லைகளை வரையறுக்க இக்கட்டுரை முயல்கிறது. தென்கடற்கரைத் தேரிகளும் நீலகிரியின் கரிமப் படிவுகளும் இதற்குச் சான்றுக்களங்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், வண்டல், படிவு, படை, தேரி, மண்ணியல், தொல்காலநிலை.

முன்னுரை

தமிழில் அறிவியல் கலைச்சொற்களைத் தொகுக்கும் பணி ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1916இல் சேலத்தில் தொடங்கிய சங்கத்தின் முயற்சி, 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொற்கள் தொகுதி, 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம், 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியம் என அதன் படிநிலைகள் அறியப்பட்டவை. இம்முயற்சிகளின் பயனாக இன்று சொல் இல்லை என்று கூறத்தக்க துறைகள் குறைவு. புவி அறிவியலிலும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வரையறுக்கும் பணி, சொற்பட்டியல் தயாரிக்கும் பணியைப் போல் விரைந்து நடைபெறவில்லை.

துறையின் பெயரிலேயே இச்சிக்கல் தொடங்குகிறது. பள்ளிப் பாடநூல்களில் புவியியல் என்பது நாடு, மக்கள், மலை, ஆறு, பயிர் ஆகியவற்றைக் கூறும் பாடம். தமிழ்நாட்டு அரசின் புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் அதே சொல் பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் இயலைக் குறிக்கிறது. பின்னதனை நிலவியல் என்று எழுதுவோர் உளர். இலங்கையில் அது புவிச்சரிதவியல். இக்கட்டுரையில் நிலவியல் என்னும் சொல்லே ஆளப்படுகிறது. துறைப்பெயர்ச் சிக்கல் சூழலால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒருவர் வகுப்பறையை மாற்றி நுழைவதற்கு அது காரணமாவதில்லை. பாடத்தின் உள்ளே இருக்கும் சொற்கள் அத்தகையன அல்ல.

வண்டல்: ஒரு சொல், மூன்று கருத்துகள்

சங்க இலக்கியத்தில் வண்டல் என்பது மகளிர் மணலில் இழைத்து ஆடும் விளையாட்டைச் சுட்டும். வண்டற்பாவை அவ்வாறு இழைக்கப்பட்ட உருவம். நீர் கொணர்ந்து ஒதுக்கிய ஈரமணலும் சேறும் விளையாட்டின் பொருளாதலால், விளையாட்டின் பெயரும் பொருளின் பெயரும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன எனலாம். பின்னர் விளையாட்டுப் பொருள் வழக்கிழந்தது. நீர் ஒதுக்கிய மண்டி என்ற பொருள் நிலைத்தது. இன்றைய உழவர் வழக்கில் வண்டல் என்றால் ஆறும் வாய்க்காலும் கொணர்ந்து வயலில் விட்டுச்செல்லும் வளமான நுண்மண். காவிரிப் படுகையில் இச்சொல் மதிப்புச் சொல்லாகவே வழங்குகிறது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் வெள்ளத்தோடு வரும் வண்டலின் ஒரு பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது என்று நீரியலார் சொல்வதைப் படுகையின் உழவர் தம் மொழியிலேயே சொல்வர்.

இச்சொல்லைப் பல்கலைக்கழகப் பாடம் மூன்று இடங்களில் பயன்படுத்துகிறது. முதலாவது, ஆங்கிலத்தில் செடிமென்ட் எனப்படும் பொதுக்கருத்து: நீர், காற்று, பனிக்கட்டி ஆகியவற்றால் ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் இடப்பட்ட எந்தப் பொருளும் இதில் அடங்கும். இரண்டாவது, அலுவியம் எனப்படும் ஆற்றுப்படிவு: பெயர்த்த கருவி ஆறாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் வரையறை. மூன்றாவது, சில்ட் எனப்படும் துகளளவு: இங்கே பெயர்த்தது எது என்ற கேள்வியே இல்லை, மணலை விட நுண்ணியதாகவும் களியை விடப் பருமையானதாகவும் இருந்தால் போதும்.

மூன்றும் ஒரே சொல்லில் அடங்கும்போது என்ன நேர்கிறது என்பதை எளிய தொடரொன்றில் காணலாம். சீனத்தின் லோயஸ் மேட்டுநிலம் காற்றால் குவிக்கப்பட்ட சில்ட் அளவுத் துகள்களால் ஆனது. இதனைக் காற்று குவித்த வண்டல் என்று எழுதினால், ஆற்றோடு பிணைந்த தமிழ்ச்சொல் காற்றோடு மோதுகிறது. படிப்பவர் ஆற்றைத் தேடத் தொடங்குவார். மாறாக, காவிரிப் படுகையின் வண்டலில் மணல் மிகுதி என்று எழுதினால், சில்ட் என்ற பொருளில் வண்டலைக் கற்றவருக்கு அத்தொடர் முரண்பாடாகத் தோன்றும். எழுதியவர் பிழை செய்யவில்லை. படித்தவரும் பிழை செய்யவில்லை.

இதற்குத் தீர்வு தமிழிலேயே உண்டு. படிதல் என்னும் வினையடியாகப் பிறந்த படிவு செடிமென்டுக்கு உரிய பொதுச்சொல்லாகப் படிவுப்பாறை என்னும் தொடரில் ஏற்கெனவே வேரூன்றியுள்ளது. இலங்கை வழக்கில் அதே பொருளில் அடையல் என்றும் அடையற்பாறை என்றும் வழங்கும். இதுவும் அடைதல் என்ற வினையிலிருந்து வந்த தூய சொல்லே. இரண்டில் எதனை ஆண்டாலும் குற்றமில்லை. ஒரு நூலுக்குள் ஒன்றையே ஆள்வது முறை. வண்டலை ஆற்றுப்படிவுக்கே உரியதாக நிறுத்திக்கொள்ளலாம். இதனால் உழவர் பொருளும் கல்விப் பொருளும் ஒத்துப்போகும். எஞ்சுவது சில்ட் என்னும் துகளளவு. அதற்கு வண்டலைக் கொடுக்காமல் வேறு சொல் தேட வேண்டும். நுண்துகள் என்பது களியையும் உள்ளடக்கிவிடும். இடைத்துகள் என்ற சொல் மணலுக்கும் களிக்கும் இடைப்பட்டது என்ற வரையறையைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் இக்கட்டுரை அதனைப் பரிந்துரைக்கிறது. அது வரும்வரை சில்ட் என்றே எழுதினும் தமிழ் கெட்டுவிடாது; தவறான தமிழ்ச்சொல்லை விடச் சரியான கடன்சொல் மேலானது.

துகளளவில் இரு துறைகளின் வழக்கு

துகளளவுச் சொற்களில் மற்றொரு சிக்கல் தமிழினுடையது அன்று; துறைகளினுடையது. அதனைத் தமிழ் ஆசிரியர் அறிந்திருப்பது நலம். படிவியலார் பின்பற்றும் அளவுமுறை அடன் 1898இல் வகுத்து, வென்ட்வொர்த் 1922இல் திருத்தியமைத்தது. அதன்படி மணலின் கீழெல்லை 1/16 மில்லிமீட்டர். களியின் மேலெல்லை 1/256 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 0.004. மண்ணியலார் களியின் எல்லையை 0.002 மில்லிமீட்டரில் வைக்கின்றனர். மணலின் கீழெல்லையில் அவர்களுக்குள்ளேயே இருவழக்கு உண்டு: அமெரிக்க வேளாண் துறை முறையில் அது 0.05, சுவீடன் நாட்டு ஆட்டர்பெர்கின் வகுப்பைத் தழுவிய அனைத்துலக முறையில் 0.02.

ஆகவே 0.003 மில்லிமீட்டர் துகள் நிலவியல் ஆய்வகத்தில் களி. மண்ணியல் ஆய்வகத்தில் இடைத்துகள். 0.03 மில்லிமீட்டர் துகள் ஓரிடத்தில் இடைத்துகள். அனைத்துலக முறையைப் பின்பற்றும் மண்ணியலாரிடம் நுண்மணல். ஒரே ஏரிக்கரையில் எடுத்த ஒரே மாதிரியை இரு துறை மாணவர்கள் ஆராய்ந்தால் இருவேறு விழுக்காடுகள் கிடைக்கும். இதனை ஆங்கில நூல்கள் அடிக்குறிப்பில் சொல்லிச் செல்கின்றன. தமிழ்ப் பாடநூல்களில் எந்த அளவுமுறை ஆளப்பட்டது என்ற குறிப்பை ஒவ்வொரு அட்டவணையிலும் கட்டாயமாக்குதல் வேண்டும்.

களி என்னும் சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. பேச்சிலும் பாடநூலிலும் பெரும்பாலும் களிமண் என்றே எழுதுகிறோம். மண் என்பது தாவரமும் நுண்ணுயிரும் காற்றும் நீரும் இயங்கித் தன் இடத்திலேயே உருவான உடல் என்று மண்ணியல் கற்பிக்கிறது. ஆழ்கடலின் அடியில் மிக மெதுவாகப் படியும் செந்நிற நுண்பொருளைச் செங்களிமண் என்று எழுதும்போது, கடலடியில் மண் இருப்பதாக நாமே கூறியவராகிறோம். அளவைக் குறிக்கையில் களி, கனிமத்தைக் குறிக்கையில் களிக்கனிமம், நிலத்தைக் குறிக்கையில் மட்டும் களிமண் என்று பிரித்தாளுவதற்குத் தமிழ் இடந்தருகிறது. ஓர் அசையைக் குறைப்பதால் கிடைக்கும் தெளிவு இது.

அடுக்கும் படையும்

இக்கட்டுரையின் மையமான கருத்து இப்பகுதியில் உள்ளது. படிவியலில் ஸ்ட்ராட்டம் எனப்படுவதையும் மண்ணியலில் ஹொரைசன் எனப்படுவதையும் தமிழ் நூல்கள் அடுக்கு என்ற ஒரே சொல்லால் சுட்டுகின்றன. பாறை அடுக்கு, மண் அடுக்கு என்று முன்னொட்டு வேறுபட்டாலும் மனத்தில் பதிவது அடுக்கு என்ற உருவமே. ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துவைக்கப்பட்டது என்பது அதன் பொருள்.

படிவுகளைப் பொறுத்தவரை அவ்வுருவம் முற்றிலும் சரி. 1669இல் நிக்கோலஸ் ஸ்டெனோ வகுத்த விதிப்படி, குலையாத படிவுகளில் கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. அரியலூர்ப் பகுதியின் கிரெட்டேசியஸ் படிவுகளில் கீழிருந்து மேலாக உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனத் தொகுதிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளான்ஃபோர்டு வரிசைப்படுத்தியதும் இவ்விதியின் துணையால்தான். மண்ணில் நிகழ்வது வேறு. தாய்ப்பொருள் ஒன்றே. மேலிருந்து நீர் இறங்கும்போது களியையும் இரும்பையும் கரைபொருள்களையும் கீழே கொண்டுசெல்கிறது. மேற்பகுதியில் மட்கு சேர்கிறது. இவ்வாறு ஒரே பொருள் தன்னுள்ளேயே வேறுபட்ட பகுதிகளாகப் பிரிகிறது. மேற்பகுதியும் இடைப்பகுதியும் ஒரே காலத்தில், ஒன்றன் விளைவாக ஒன்று, உருவாகின்றன. இடைப்பகுதி கீழே இருப்பதால் அது மூத்தது என்று முடிவு செய்தால் மண்ணின் வரலாறு தலைகீழாகிவிடும். அடுக்கு என்ற சொல் மாணவரை இம்முடிவுக்கே தள்ளுகிறது.

இலங்கைத் தமிழில் வளிமண்டலப் படை, ஓசோன் படை என்னும் வழக்குகள் உண்டு. தமிழ்நாட்டுக் காதுக்குப் படை என்றால் சேனையே முதலில் தோன்றும். ஆயினும் சொல்லின் இப்பொருள் நம் கோயில்களில் உறைந்து கிடக்கிறது. அதிட்டானத்தின் உறுப்புகளை ஜகதிப்படை, குமுதப்படை, கண்டப்படை என்று வழங்குகிறோம். இவ்வழக்கில் படை என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட கல்வரிசை. ஜகதியை வைத்த பின்னரே குமுதத்தை வைக்க இயலும். கீழது முந்தியது, மேலது பிந்தியது. ஸ்டெனோவின் விதியைச் சிற்பியின் கைவேலை ஒவ்வொரு நாளும் நிறைவேற்றியிருக்கிறது. ஆதலால் ஸ்ட்ராட்டத்துக்குப் படை என்ற சொல்லைத் தமிழ்நாட்டிலும் ஆளலாம். படிவுப்படை, மணற்கற்படை, நிலக்கரிப்படை என்னும் தொடர்கள் ஒலிக்கும் இயல்பாகவே உள்ளன.

மண்ணுக்குரிய சொல் எது? வேளாண் விரிவாக்கப் பணியாளரிடத்தும் உழவரிடத்தும் மண்கண்டம் என்னும் சொல் வழங்குகிறது. ஆழமான மண்கண்டம், மேலோட்டமான மண்கண்டம் என்பர். மேலிருந்து தாய்ப்பாறை வரையிலான மண்ணின் முழு ஆழத்தை அது குறிக்கிறது. மண்ணியலார் புரொஃபைல் என்பதற்கு இது மிக நெருங்கியது. ஹொரைசனுக்கு நிலை என்ற சொல்லைத் தரலாம். மேல்நிலை, இடைநிலை, அடிநிலை என்று வழங்கும்போது அடுக்கிவைத்த உருவம் மறைந்து, ஒரு பொருள் அடைந்த நிலைமை என்ற கருத்து முன்வருகிறது. நிலை என்பது பிற இடங்களிலும் பயில்வதால் இதற்கு எதிர்ப்பு எழக்கூடும். மண்நிலை என்று சேர்த்தெழுதினால் அத்தடை பெரும்பாலும் நீங்கும்.

உழவர் சொல் கலைச்சொல் ஆன வழிகள்

மண்ணியலின் அனைத்துலகச் சொற்களுள் பல எளிய மக்களின் வாயிலிருந்து எடுக்கப்பட்டவை. வாசிலி தொகுச்சாயேவ் 1883இல் உருசியக் கருமண் பற்றிய தம் ஆய்வைத் தந்தபோது செர்னோசம் என்ற உழவர் சொல்லையே ஆண்டார். பொட்சோல் என்பதும் உருசிய உழவர் சொல். சாம்பலுக்கு அடியில் என்பது அதன் பொருள். லோயஸ் ரைன் ஆற்றுப் பகுதியின் பேச்சுவழக்கு. விரிந்து சுருங்கும் கருமண்ணில் தோன்றும் மேடுபள்ளங்களைக் குறிக்கும் கில்காய் ஆஸ்திரேலியத் தொல்குடியினர் சொல். நம் கரிசலுக்கு ஆங்கில நூல்கள் இட்ட ரேகர் என்னும் பெயர் தெலுங்கின் ரேகடியின் திரிபு.

லேட்டரைட் என்ற சொல்லின் கதை இன்னும் அண்மையது. பிரான்சிஸ் புக்கானன் மைசூர், கன்னடம், மலபார் ஆகிய பகுதிகளில் மேற்கொண்ட பயணத்தின்போது அங்காடிப்புறத்தில் வெட்டியெடுக்கப்பட்ட கல்லைக் கண்டார். வெட்டும்போது மெதுவாகவும் வெளியில் கிடந்தால் வன்மையாகவும் மாறும் அக்கல்லை அவ்வட்டார மொழிகளில் செங்கற்கல் என்ற பொருளில் இட்டிகைக்கல் என வழங்கியதை அவர் குறித்துள்ளார். 1807இல் வெளிவந்த நூலில் அதே கருத்தை இலத்தீனில் பெயர்த்து லேட்டரைட் எனப் பெயரிட்டார். திராவிட வழக்கு இலத்தீன் உடை அணிந்து உலகைச் சுற்றிவந்து, செம்புரை, துருக்கல் என்ற புதுப்பெயர்களோடு தமிழ்ப் பாடநூலுக்குத் திரும்பியிருக்கிறது. இட்டிகைக்கல்லை மீண்டும் அழைத்துக்கொள்வதில் தடையொன்றும் இல்லை.

ஆனால் வழக்குச்சொல்லைக் கலைச்சொல்லாக்கும்போது நிறம் ஏமாற்றும் என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும். செர்னோசத்தைக் கருமண் என்றும் கரிசலைக் கருமண் என்றும் எழுதும் வழக்கம் உள்ளது. உருசியப் புல்வெளிக் கருமண்ணின் நிறம் மிகுதியாகச் சேர்ந்த மட்கினால் வந்தது. கரிசலில் கரிமம் குறைவு. அதன் இயல்பைத் தீர்மானிப்பது நீரில் விரிந்து வெயிலில் சுருங்கும் மான்ட்மொரில்லனைட் வகைக் களிக்கனிமம். கோடையில் ஆழமாக வெடித்து, மேல்மண் வெடிப்பினுள் வீழ்ந்து, மழையில் மீண்டும் மூடித் தன்னைத் தானே புரட்டிக்கொள்வதால் அமெரிக்க வகைப்பாடு அதற்குப் புரளுதல் என்னும் இலத்தீன் வினையிலிருந்து வெர்ட்டிசால் எனப் பெயரிட்டது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், கரிசலும் மட்கு நிறைந்தது என்ற தவறான முடிவு எளிதில் பிறக்கும். உரப் பரிந்துரை வரை அத்தவறு செல்லும். செர்னோசத்தைச் செர்னோசம் என்றும் கரிசலைக் கரிசல் என்றும் விட்டுவிடுவதே தக்கது.

தேரி: மூன்று துறைகள் சந்திக்கும் இடம்

தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் செம்மணல் மேடுகள் தேரி எனப்படும். குதிரைமொழித் தேரி அவற்றுள் புகழ்பெற்றது. இச்சொல் நிலவியல் ஆங்கிலத்திலும் அப்படியே ஏறியுள்ளது. இது படிவா, மண்ணா என்ற கேள்வியை மாணவரிடம் எழுப்பினால் ஒரு பருவத்தின் பாடத்தை இவ்வொன்றைக் கொண்டே நடத்திவிடலாம்.

காற்றால் பெயர்த்துக் குவிக்கப்பட்டதால் தேரி படிவு. பளிங்குக்கல் மணலோடு இல்மனைட், கார்னெட் போன்ற கனமான கனிமங்களும் அதில் உள்ளன. குவிந்த பின் நெடுங்காலம் அசையாது கிடந்து, இரும்புள்ள கனிமங்கள் சிதைந்து, மணற்பரல்களைச் செந்நிற இரும்பு ஆக்சைடும் களியும் மெல்லிய தோலாகப் போர்த்தின. இது மண்ணாக்கம். எனவே தேரி மண். சிவந்த மணலின் ஒரு பகுதியைக் காற்று மீண்டும் பெயர்த்து வேறிடத்தில் குவித்திருக்கிறது. அங்கே நிறம் மண்ணினுடையது; இருப்பு படிவினுடையது. செந்நிறத்தைக் கண்டதும் இவ்விடத்திலேயே சிதைவு நிகழ்ந்தது என்று முடிவுகட்ட இயலாது.

மூன்றாவதாகக் காலநிலை. குவிப்பதற்கு வலிய காற்றும் தாவரம் குறைந்த தரையும் மணல் வரத்தும் வேண்டும்; சிவப்பதற்கு ஈரமும் நிலைத்த தரையும் வேண்டும். இவ்விரண்டும் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் அமைவது அரிது. ஆகவே தேரியின் ஒரு வெட்டுமுகத்தில் குறைந்தது இரு காலநிலைகளின் தடம் உண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றையதை விட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணையின் தரை அப்போது வெளிப்பட்டிருந்தது. கடல்மட்டம் ஏறி இறங்கியதோடு தேரிகளின் ஆக்கத்தை இணைத்துப் பார்க்கும் முயற்சி இதனாலேயே எழுந்தது. தேரிகளிலிருந்து கிடைத்த நுண்கற்கருவிகளை ஆராய்ந்த சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் கருவிகளின் காலத்தைக் கடல்மட்டத்தின் வழியே அணுகினர். அதற்கு முன்பே சாயர்புரம் பகுதியில் புரூஸ் ஃபூட் கருவிகளைத் தொகுத்திருந்தார். தொல்லியல் மாணவருக்கும் இப்பாடம் உரியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என ஒன்றாக வைத்ததை இவ்விடத்தில் நினைவுகூர்வோர் பலர். அதனை நவீன மண்ணியலின் முன்னறிவிப்பாகக் கொண்டாடுவது இரண்டையும் குறைத்து மதிப்பிடுவதாகும். திணைக்கோட்பாட்டின் பொழுது ஆண்டுக்குள் சுழல்வது. தேரியின் பொழுது பல்லாயிரம் ஆண்டுகளில் ஒருமுறை புரள்வது. நிலத்தைக் காலத்தோடு சேர்த்தே நினைக்கும் பழக்கம் தமிழ் மாணவருக்குப் புதிதன்று என்ற அளவில் அவ்வொப்பீடு கற்பித்தலுக்குத் துணைசெய்யும்.

வானிலையும் காலநிலையும் சிதைவும்

காலநிலைப் பாடத்தின் முதல் வகுப்பில் வானிலை வேறு, காலநிலை வேறு என்று கற்பிக்கிறோம். வானிலை இன்றைய, நாளைய நிலை. காலநிலை நீண்டகாலப் போக்கு. வழக்கமாக 30 ஆண்டுச் சராசரியைக் காலநிலைக்கு அளவுகோலாகக் கொள்வர். இதனை வலியுறுத்திய பின் அடுத்த பாடத்தில் பாறை மண்ணாவதை வானிலைச் சிதைவு என்கிறோம். ஆங்கிலச் சொல்லின் வெதர் என்ற பகுதியை அப்படியே பெயர்த்ததன் விளைவு இது. இலங்கையின் வானிலையாலழிதலும் அவ்வகையதே. அங்காடிப்புறத்தின் ஆழமான செம்புரையை எந்த வானிலையும் ஆக்கவில்லை. நெடுங்கால வெப்பமும் மழையும், நீரின் வேதிவினையும், உயிர்களின் செயலும் ஆக்கின. ஹான்ஸ் ஜென்னி 1941இல் மண்ணாக்கக் காரணிகளைக் காலநிலை, உயிர்கள், நில அமைப்பு, தாய்ப்பொருள், காலம் என ஐந்தாக வகுத்தபோது முதலில் வைத்தது காலநிலையையே. பாறைச் சிதைவு என்ற எளிய தொடர் போதுமானது. இயற்பியல் சிதைவு, வேதிச் சிதைவு, உயிரியற் சிதைவு என அதனைப் பிரித்துக்கொள்ளலாம்.

மேற்கூறிய சொற்பிரிப்புக்கு அடங்காத சான்று ஒன்றையும் கூறுதல் நேர்மை. நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தாக்குகளில், நீர் தேங்கிய இடங்களில், முழுதும் மட்காத தாவரப்பொருள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்துள்ளது. பீட் எனப்படும் இப்பொருளை மண்ணியலார் ஹிஸ்டோசால் என மண்வகையுள் அடக்குவர். படிவியலார் கரிமப் படிவு என்பர். மண் என்ற முறையில் அதற்கு மண்நிலைகள் உண்டு. ஆனால் அது மேலே மேலே வளர்ந்து சேர்வதால் கீழது மூத்தது என்ற விதியும் பொருந்துகிறது. இங்கே நிலையே படையாகவும் இருக்கிறது.

அவ்வாறு இருப்பதால்தான் அது காலநிலை ஆவணமாயிற்று. சி3 வகைத் தாவரங்களில் கரிம ஓரிடத்தான் விகிதம் ஆயிரத்துக்கு −27 அளவிலும், வெப்பப் புல்வெளிகளின் சி4 புற்களில் −13 அளவிலும் அமையும். ஒவ்வொரு ஆழத்திலும் இவ்விகிதத்தை அளந்து, கதிரியக்கக் கரிமத்தால் காலத்தைக் கணித்தால், அங்கே காடும் ஈரப்புல்லும் ஓங்கியிருந்தனவா, வறண்ட புல்வெளி ஓங்கியிருந்ததா என்பது தெரியும். சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இம்முறையில் பனியூழி உச்சத்தில் நீலகிரி வறண்டிருந்ததையும், பின்னர் பருவமழை வலுப்பெற்று ஈரம் மிகுந்ததையும் காட்டியது. உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் ஏறத்தாழ 1,500 பில்லியன் டன் கரிமம் கரிமச்சேர்மங்களாக உள்ளது. வளிமண்டலத்தில் உள்ளதைப் போல் இது ஏறத்தாழ இருமடங்கு. காலநிலையைப் பதிவு செய்யும் மண்ணே காலநிலையை மாற்றவும் வல்லது என்பதை மாணவர் இவ்விடத்தில் உணர்வர்.

ஆணைகளில் சொல்

இவையனைத்தும் வகுப்பறைச் சிக்கல்கள் என்று எண்ணிவிடலாகாது. 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்கீழ் ஏரி, குளங்களிலிருந்து வண்டல், களி, சவுடு, சரளை முதலியவற்றை எடுக்க இசைவு வழங்கப்படுகிறது. உழவர் கரம்பை என்று அழைத்து வயலுக்கு இடும் ஏரிப்படிவு இவற்றுள் அடங்கும். சவுடு என்பது மண்ணியல் வகைப்பாட்டிலும் இல்லை. படிவியல் அளவுமுறையிலும் இல்லை. அதற்கு மேலெல்லை, கீழெல்லை எதுவும் வகுக்கப்படாததால் சவுடு என்ற பெயரில் மணல் அள்ளப்படுவதாக வழக்குகள் எழுந்து உயர்நீதிமன்றம் வரை சென்றன. அங்கே கேட்கப்படும் கேள்வி ஆய்வகக் கேள்வியே: இப்பொருளில் மணல் எத்தனை விழுக்காடு? எந்த அளவுமுறைப்படி? 0.05 மில்லிமீட்டரை எல்லையாகக் கொண்டால் மணலின் பங்கு குறையும்; 0.02ஐக் கொண்டால் கூடும். சொல்லின் எல்லையை வகுக்காமல் விட்டதன் விலையை ஆறும் குளமும் தருகின்றன.

களப்பாடம்

இப்பாடத்தைத் தமிழில் கற்பிப்பதற்குச் சொற்பட்டியலிலிருந்து தொடங்குவதை விடக் கிணற்றின் வெட்டுமுகத்திலிருந்தோ ஓடைக்கரையிலிருந்தோ தொடங்குவது நல்லது. நிலத்துக்குரியவர் ஒவ்வொரு பகுதியையும் எப்பெயரால் அழைக்கிறார் என்பதை மாணவர் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். செவல், சரளை, சுக்கான், களர், உவர், பொட்டல் என்று வருவனவற்றை இலக்கியப் பொருளோடும் நிகண்டின் அவனி வகையோடும் ஒப்பிடுவது தமிழ்த்துறையின் பணி. அதே பகுதிகளின் துகளளவு, நிறம், கார அமிலத்தன்மை ஆகியவற்றை அளப்பது அறிவியல் துறையின் பணி. களரும் உவரும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்று சோடியத்தால் இறுகிய காரநிலம், மற்றது உப்பு மிகுந்த நிலம் என்று மண்ணியல் பிரிக்கிறது. இரண்டுக்கும் மருந்தும் வேறு. முன்னதற்கு ஜிப்சம் இட வேண்டும். பின்னதற்கு வடிகால் அமைத்து நல்ல நீரால் கழுவ வேண்டும். ஊர்ப்பெயர்களும் ஓலைகளும் உழவர் வழக்கும் இப்பிரிவை எவ்வளவு தெளிவாகப் பேணியுள்ளன என்பது வட்டாரந்தோறும் தனித்தனியே ஆராயத்தக்கது.

இக்களப்பாடத்தில் உடனடியாக வேண்டப்படும் சொல் பேலியோசால் என்பதற்கு உரியது. முற்காலக் காலநிலையில் உருவான மண்ணை அது குறிக்கும். புதைமண் என்று சிலர் எழுதக்கூடும். ஆனால் அத்தகைய மண் எப்போதும் புதைந்து கிடப்பதில்லை. செம்புரை பல இடங்களில் இன்றும் தரையின் மேற்பரப்பாகவே உள்ளது. தொல்மண் என்பதைப் பொதுச்சொல்லாகவும், பிற்காலப் படிவால் மூடப்பட்டதை மட்டும் புதைமண் என்றும் வழங்குதல் பொருந்தும். தேரியில் சிவந்து நிலைத்த மேடு தொல்மண். பிந்தைய காற்றுமணல் அதனை மூடிய இடத்தில் அது புதைமண்.